உச்சிவேளையில் தட்டிய போல்ட்

எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டு, எட்டுப் பெண்களைக் கொல்லப் பார்த்தவன் நான். இப்போது இதை அடக்கமாகச் சொல்கிறேன். அந்த வயதில் அடக்கம் என்றால் எனக்கு என்னவென்றே தெரியாது.

கீரிப்பாறைக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர் ஷீட் கிடங்கு. அதன் இரும்புச் சட்டத்துக்கு நான்தான் எஞ்சினீயர். (வயது இருபத்தைந்து, கர்வம் ஐம்பது.) உத்திரம் தூணோடு சேரும் மூட்டில் எவ்வளவு சுமை வரும் என்று நான் வரைபடத்தில் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து, எத்தனை போல்ட் என்று பட்டறைக்கார ஜெரால்டு முடிவு செய்வான். சுமை கணக்கிட இரண்டு முறை உண்டு. பழையதில் வருகிற சுமையை அப்படியே வைத்து, இரும்பின் பலத்தைக் குறைத்து எடுப்போம். புதியதில் சுமையை ஒன்றரை மடங்காக்கி, பலத்தை ஏறக்குறைய முழுதாக எடுப்போம். கலக்காத வரை இரண்டும் நல்ல முறைதான். நான் பழையதைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்ததை எழுதவில்லை. (இதைக்கூடவா எழுதுவார்கள்?)

மாடித்தளத்தில் ரப்பர் கட்டுகளை அடுக்கிய நாலாம் நாள், வேலைக்கு வந்த பெண்கள் எட்டுப் பேரும் வெளியே நின்றுவிட்டார்கள்.

"உச்சி நேரத்துல உள்ள யாரோ தட்டுதாவ சாரே," என்றார் அவர்களின் மேற்பார்வையாளர் லீலா அக்கா. "வாசல்ல கல்லா நிக்குத இசக்கியம்மனாக்கும். நாங்க உள்ள கேறமாட்டோம்."

"இந்தக் காலத்துல இசக்கியா? நான் போய் உக்காருதேன், அப்புறம் எல்லாரும் வரணும்."

உட்கார்ந்தேன். வெளியே சுள்ளென்று வெயில், உள்ளே காற்றே இல்லை. தலைக்கு மேல் 'டொக்'. பிறகு அமைதி. அடுத்த தூணில் 'டொக்'. அதற்கடுத்த தூணிலும். தட்டுகிறவள் என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். போல்ட்டை ஒட்டிப் பெயின்ட் ஒரு நூல் அளவு வெடித்திருந்தது. இன்னொரு 'டொக்'. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் அகன்றது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்போடு இசக்கி கல்லின் முன்னால் மூச்சிரைக்க நின்றேன். (பகுத்தறிவு இன்னொரு செருப்போடு உள்ளேயே தங்கிவிட்டது.) லீலா அக்கா கல்லிலிருந்து மஞ்சள் சாந்தான மஞ்சணையை வழித்து என் நெற்றியில் பூசினார். ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.

"மக்கா, மூட்டுக்கு எத்தனை போல்ட்டு போட்ட?"

"நாலு."

"ஆறுல்லா வரணும்!"

"ஏலே, நீ எழுதினது ஒண்ணரை மடங்கு ஆக்கின சுமைதானே?"

"இல்லலே. பழைய முறை."

ஜெரால்டு மெதுவாகக் கேட்டான்: "உள்ள ஆளு உண்டா?"

ஒருவரும் இல்லை. நான் சொன்னதை யாரும் நம்பாததால்தான் ஒருவரும் இல்லை.

கிரேன் கொண்டுவந்து சட்டத்தைத் தாங்கி, கட்டுகளை இறக்கி, மூட்டுக்கு ஆறு போல்ட் ஆக்கினோம். உச்சி வெயிலில் இரும்பு விரிய, சுமை தாளாத போல்ட்டுகள் துளைக்குள் நழுவியதுதான் அந்தத் தட்டல். "உம்ம பேச்சக் கேட்டு நாங்க கேறியிருந்தா சாரே?" என்றார் லீலா அக்கா. அத்தனை பேர் முன்னிலையில் அழுதேன்.

பல வருஷம் கழித்து இதை வீட்டில் சொன்னது அடுத்த மடத்தனம். மத்தியான வெயிலில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை 'டொக்' என்றால் போதும், "அப்பாக்க கணக்கு தட்டுது!" என்று மகள் கத்துவாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, எல்லோரையும் முற்றத்துக்குப் போகச் சொல்வேன்.