நான் நிறுத்திய தண்ணீர்

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போனவளே, ஒரு பொய்ச் செய்தியை ஊர் முழுக்கப் பரப்பினாள் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அது நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உப்புவெளியில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் இருபது இளைஞர்களுக்குப் பயிற்சி. கைபேசியில் வருவதைச் சரிபார்ப்பது, மனதில் பட்டதைப் பயப்படாமல் சொல்வது, இரண்டும் பாடம். (இரண்டிலும் நான் கரைகண்டவள் என்று எனக்கொரு நினைப்பு.)

உதாரணத்துக்குச் சொந்தமாக ஒரு படம் செய்தேன். "அவசர அறிவித்தல்: நாளை முதல் மூன்று நாட்களுக்கு நகரில் குழாய்த் தண்ணீர் வராது." கீழே சிவப்பில் ஒரு முத்திரை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டு, "இதில என்ன பிழை எண்டு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள கண்டுபிடியுங்கோ" என்றேன். 'இது பயிற்சிக்கு மட்டும்' என்று படத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். முத்திரையின் அழகில் மயங்கி மறந்துபோனேன்.

யாரோ ஒரு பிள்ளை அதை வீட்டுக்கு அனுப்பி, "இது உண்மையோ?" என்று கேட்டிருக்கிறது. அங்கிருந்து படம் மட்டும் ஊருக்குள் போனது. கேள்வி போகவில்லை.

என் கோப்பை காலியாகுமுன் பாலையூற்று வீட்டிலிருந்து அம்மா கைபேசியில் கோல் எடுத்தார்.

"பிள்ளை, மூண்டு நாளைக்குத் தண்ணி வராதாம். வாளியெல்லாம் நிரப்பிப்போட்டன். இப்ப சோத்துப்பானைக்க பிடிக்கிறன்."

"அம்மா, அது பொய். நான்தான் செய்தனான்."

"உனக்கென்ன விசரே? கீழ முத்திரை கிடக்கு!"

வேலை போய்விடும் என்ற பயத்தில் மண்டபத்துக்குள் ஓடினேன். "எல்லாரும் அதை அழியுங்கோ! இதைப் பற்றி ஒருத்தரும் வெளியில கதைக்கக்கூடாது!"

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஷிபானா எழுந்தாள். "மிஸ், பயப்படாமக் கதைக்க வேணும் எண்டு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உங்கட பேரைச் சொல்லி நீங்களே சொல்லுங்க மிஸ். நாங்க சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

சொன்னேன். பெயர், ஊர், அந்த அறிவித்தலை எழுதியது நான்தான், தண்ணீர் வழக்கம்போல வரும், மன்னியுங்கள். இருபது பேரும் அந்த வீடியோவை ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. ஊரே ஒரே நேரத்தில் பிடித்ததில் எங்கள் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அம்மா சோற்றுப்பானையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரிக்கு ராணிபோல வார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியே? தண்ணி வராது எண்டது உண்மை. உன்ர வீடியோதான் பொய்."

வேலை போகவில்லை. ஆனால் இன்றைக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றால், அம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பார்:

"பிள்ளை, இண்டைக்கு எங்க வகுப்பு எடுத்தனி?"