சிங்காநல்லூர்ச் சிற்றாலயத்தின் மூடிய கதவு

சிங்காநல்லூரில் பஞ்சாலைத் தொழிலாளிகள் கட்டிய ஒற்றை வாசல் சிற்றாலயம், நூறாண்டு தாண்டியும் இடியாமல் நின்ற குற்றத்துக்காக மரபுக் கட்டடக் காப்புக் குழுவின் கண்ணில் பட்டது. குழு வந்தது புதன்கிழமை. ஞாயிறு தவிர அங்கே எந்நாளும் பூட்டுத்தான். குழுவினர் வெளியே நின்று படம் எடுத்தார்கள், இளநீர் குடித்தார்கள். கட்டடம் காப்பாற்றப்பட்டது.

அடுத்த வாரமே கதவுக்குச் சீல் வைத்தார்கள். சபைச் செயலாளர் வின்ஸ்டனின் மூத்த மகள் கெசியாவுக்கு அங்கேதான் கல்யாணம். பத்திரிகை ஊரெல்லாம் போயாயிற்று. அவள் கைபிடித்து வாசலிலிருந்து பீடம்வரை நடக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. காப்பு அலுவலர் பொற்கொடியிடம் ஓடினார்.

"ஏனுங்க மேடம், கதவைத் தொறக்கோணுமுங்க."

பொற்கொடி, குழு எடுத்த படத்தைக் காட்டினார். "பதிவான நெலையிலயே கட்டடம் இருக்கோணுமுங்க. பதிவுல கதவு சாத்தியிருக்குதுங்க."

"அன்னைக்குப் புதன்கெழமைங்க."

"கட்டடத்துக்குக் கெழமை தெரியாதுங்களே. தொறந்தா அது மாறுதல். மெட்ராஸ்ல ஒப்புதல் வாங்கோணுமுங்க."

"அப்ப உள்ள எப்படிங்க போறது?"

"போறதை யாருங்க தடுத்தாங்க? கம்பியில்லாத சன்னலு ஒண்ணு படத்துல தொறந்துதான் இருக்குது. அதைச் சாத்தினாத்தானுங்க நடவடிக்கை."

வின்ஸ்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு முக்காலி வாங்கினார். கல்யாணத்தன்று போதகர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு முதலில் ஏறிக் குதித்தார். கெசியாவை மாமியார் உள்ளிருந்து இழுக்க, வின்ஸ்டன் வெளியிலிருந்து தள்ள, அதை யாரோ செல்போனில் பிடிக்க, கோயம்புத்தூரே பார்த்துவிட்டது.

பிறகு அதுவே மோஸ்தராகிவிட்டது. பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபம் வாசலை அடைத்துச் சன்னல் வைத்தது. சத்தியமங்கலத்தில் சன்னல் இல்லாத மண்டபத்தை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்றார்களாம்.

மறுவருஷம் ஒப்புதல் வந்து, சீல் உடைந்தது. இளையவள் டீனாவையாவது வாசல் வழியே அழைத்துப் போகலாமென்று வின்ஸ்டன் பூரித்துப்போனார்.

"ஏனுங்கப்பா, அக்காளுக்குச் சன்னலு, எனக்கு மட்டும் கதவுங்களா?" என்று டீனா மூக்கைச் சிந்தினாள். "நாலு பேரு என்னைக் கேவலமாப் பேசறதுக்குங்களா?"

மகள் கண்ணீருக்கு முன் எந்த ஆசைதான் நிற்கும்? அவரே முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

டீனாவின் கல்யாணத்தன்று கதவு அகலத் திறந்து கிடந்தது. சபையார் சன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். விருந்தாளியாக வந்த பொற்கொடி மட்டும் விடுவிடுவென்று வாசற்படி ஏறினார். வின்ஸ்டன் ஓடிவந்து வழி மறித்தார்.

"மேடம், நீங்களே மரபை மீறலாமுங்களா? இந்தப் பக்கம் வாங்க, முக்காலியை நான் புடிச்சுக்கறேன்."