ஏரோட்ரோம் பாஸ் கட்டிய பஸ் மடுவம்

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாமல், விமான நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்த மனிதர் ஊவா மாகாணத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏரோட்ரோம் பாஸ். கொத்து வேலை, தச்சு வேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். ஏரோட்ரோம் என்பது அவராகத் தேடிக்கொண்ட பட்டம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் கொழும்புக்குப் போய், விமான நிலையத்துப் பயணிகள் மண்டபத்துக்குச் சீமெந்துத் தரை போடும் வேலையில் மூன்று மாதம் இருந்தார். விமானத்தைப் பற்றிக் கேட்டால், "அது மேல போச்சு, நான் கீழ இருந்தேன்" என்பார். அவர் பார்த்ததெல்லாம் ஆட்களின் கால்களைத்தான். எந்த வாசலால் வந்தார்கள், எங்கே முட்டிக்கொண்டார்கள், பெட்டியை எங்கே இறக்கி வைத்தார்கள். திரும்பி வரும்போது அரைவல், டிபாச்சர் என்று இரண்டு ஆங்கிலச் சொற்களோடு வந்தார். வருகிறவர்களுக்கு ஒரு வாசல், போகிறவர்களுக்கு வேறு வாசல். அதற்குப் பிறகு தோட்டத்தில் எந்தக் கட்டடமும் அவருக்குப் பிடிக்கவில்லை.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்கு ஒரே கதவுதானே. ஒரு துக்க வீட்டில் அவர் வாசலை மறித்து நின்றுகொண்டு, "அழுதுகிட்டு வர்றவனும் அழுது முடிச்சிட்டுப் போறவனும் ஒரே கதவுல முட்டிக்கிறான். இது என்னா வீடு?" என்றார். செத்தவரின் மகனே சிரித்துவிட்டான்.

நான் அப்போது பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. காலையில் உள்ளே வருகிறவர்களும் வெளியே ஓடுகிறவர்களும் ஒரே வாசலில் நெருக்குவார்கள். பிள்ளைகள் வீறிடும். ஒரு நாள் பாஸ் வந்து நின்று பார்த்தார்.

"என்னா புள்ள, தெனம் இப்படித்தானா?"

தலையாட்டினேன். எனக்கு அந்தக் காலத்தில் வெளி ஆட்களிடம் பேச வராது. இப்போதும் அவ்வளவாக வராது.

"போறவங்களுக்கு வழி வைக்காம எவன் கட்டினான் இதை?"

மத்தியானத்துக்குள் பின்பக்கத்துப் பலகையை அறுத்து ஒரு கதவு வைத்துவிட்டார். மறுநாள் தாய்மார் முன்னால் வந்து, பிள்ளையைத் தந்து, பின்னால் போனார்கள். காம்பரா கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்குக் கொக்கி போட மறந்திருந்தார். பத்து மணிக்குப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளைக் காணோம். ஓடித் தேடினால், பக்கத்து மரக்கறிப் பாத்தியில் உட்கார்ந்து போஞ்சிக்காய் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா! வழி சரியா இருந்தா சின்னப் புள்ளைக்குக்கூட வெளங்குது!" என்றார் பாஸ்.

இப்படிப்பட்டவரிடம்தான் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, பதுளை பஸ் நிற்கும் சந்தியில் ஆட்கள் மழைக்கு ஒதுங்க ஒரு மடுவம் கட்டச் சொன்னார். அதுவரை பாஸ் செய்ததெல்லாம் லயத்துக் கூரைக்கு ஒட்டுப் போடுவதும் கக்கூஸுக்குக் கதவு மாட்டுவதும்தான். தன் மனசுப்படி ஒரு கட்டடம் கட்ட அவருக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது. நாற்பத்தைந்து வயதில் கிடைத்தது. ஒரு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னார்.

மடுவத்துக்கு இரண்டு வாசல். உள்ளே ஒரு சீமெந்து மேடை. தலைச்சுமையோடு வரும் பெண் குனியாமல், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் சுமையை இறக்கி வைக்கும் உயரம். அந்த உயரத்தைப் பிடிக்க, போகிற வருகிற பெண்களையெல்லாம் நிறுத்தித் தோளுக்கு நேரே குச்சி வைத்துப் பார்த்துத் திட்டு வாங்கினார். மழைக்காற்று வரும் மேல் பக்கத்தில் ஒரு முழுச் சுவர். அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு சொட்டுப் படாது.

பஸ் வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

எங்கள் சந்தியில் ரோட்டில் நின்று கை காட்டினால்தான் பஸ் நிற்கும். முதல் நாள் எல்லோரும் உள்ளே சௌகரியமாக உட்கார்ந்து, புதுச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஒருவரும் இல்லை. பஸ் போயே போய்விட்டது. அரசாங்கக் கச்சேரியில் ஓர் அலுவலாகப் பதுளைக்குப் புறப்பட்டிருந்த, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவும் உள்ளேதான் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன பாஸ், இனி ப்ளேன் வந்தால்தான் நாங்கள் போகலாம் போல கிடக்கு."

பாஸ் அசரவில்லை. "ஏரோட்ரோம்ல யாருங்கய்யா ப்ளேனை எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க? வந்தா சொல்லுவாங்க. நாளைக்கு நான் சொல்றேன்."

மறுநாள் அவர் மேல் வளைவில் நின்றுகொண்டார். பஸ்ஸைக் கண்டதும் கையிலிருந்த தப்பு மேளத்தை ஓங்கி அடித்தார். வேலை நாளில் தோட்டத்தில் தப்பு அடிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட. சத்தம் கேட்டதும் மடுவத்தில் இருந்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் எழுந்து பெரட்டுக் களத்துக்கு ஓடினார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களும் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள். பிள்ளைக் காம்பரா சந்திக்கு மேலேயே இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். பெரிய கிளாக்கர் ஐயாகூட களத்துப் பக்கம் நாலு அடி வைத்துவிட்டுத்தான் நின்றார். அதற்குள் பஸ் போய்விட்டது.

"சனிக்கிழமை துரை பார்க்க வாறார். அதுக்குள்ளை அந்தச் சுவரை இடிச்சுப் போடு" என்றார் அவர். இந்த முறை கிண்டல் இல்லை.

வெள்ளிக்கிழமை பாஸ் பிள்ளைக் காம்பராப் படியில் வந்து உட்கார்ந்தார். "இடிக்கச் சொல்லிட்டாரு புள்ள."

"சுவத்துல ஒரு ஓட்டை போட்டா பஸ் தெரியுமே பாஸண்ணே." அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"ஓட்டை வழியா மழையும் வருமே. கைப்புள்ளக்காரி எங்கிட்டு உக்காருவா?"

பிறகு அவர் பார்வை, மடுவத்துக் கூரைக்குப் போட்டு மிஞ்சிப் படியோரம் கிடந்த தகரத்தின் மேல் விழுந்தது.

சனிக்கிழமை நல்ல மழை. துரை குடையோடு வந்து நின்றார். மேல் வளைவிலிருந்து, தகரத்தைச் சுருட்டிச் செய்த குழாய் வழியாக ஒரு குரல் வந்தது.

"பதுளை போற பிரயாணிகள் கவனிக்கவும்! பஸ் வளைவுக்கு வந்திருச்சு! கைப்புள்ளக்காரங்க முதல்ல! சுமை வச்சவங்க பெறகு! பெரிய கிளாக்கர் ஐயா கடைசியில!"

சொன்ன வரிசையிலேயே எல்லோரும் டிபாச்சர் வாசலால் வந்தார்கள். பாஸே கை காட்டி பஸ்ஸை நிறுத்தினார். இறங்கியவர்கள் மற்ற வாசலால் உள்ளே போனார்கள். யாரும் யாரையும் முட்டவில்லை. கண்டக்டருக்குக் கத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

"நல்லா இருக்கு" என்றார் துரை. "ஆனா தெனம் யாரு கத்துறது?"

"அதுக்கெண்டு ஒரு ஆளை வைக்கேலாது, சேர்" என்றார் பெரிய கிளாக்கர்.

"நான் கத்துறேன் தொரை. வேலைக்கு நடுவுல கால் மணி நேரம் வந்துட்டுப் போறேன். சம்பளம் வேணாங்க."

சுவர் நின்றது. அன்றிலிருந்து பாஸும் வளைவில் நின்றார். காய்ச்சல் கண்ட நாளிலும் வந்தார். பெரிய கிளாக்கர் ஐயா சுவரோரத்து நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் திரும்பியும் பாராமல் பேப்பர் வாசிப்பார். அந்த மடுவத்தில் உட்கார்ந்து ஒருநாளும் நான் காணாத ஆள் பாஸ் ஒருவர்தான். எல்லோரும் நனையாமல் இருக்க, அதைக் கட்டியவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே நனைந்தார்.

ஆறு வருஷம் கழித்து, கல்யாணமாகி நான் பண்டாரவளைக்குப் போன நாளும் மழைதான். யாருக்கும் தெரியாமல் போய்விடலாம் என்று மடுவத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன்.

"பிள்ளைக் காம்பராத் தங்கச்சி புகுந்த வீட்டுக்குப் போறாங்க! எல்லாரும் வழி விடுங்க!"

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"அதுல இல்ல புள்ள! அது அரைவல்! வர்றவங்க வாசல்!" தகரக் குழாய் அலறியது. சந்தியே என்னைப் பார்த்தது.

திரும்பி வருகிறவள் நான் என்று, தெரிந்துதான் அந்த வாசலால் வந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை, பஸ்ஸில் ஏறிவிட்டேன்.