தட்டிக் கழிப்பவர்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் விரலை மடக்கித் தட்டுவார். கதவு, தண்ணீர்க் குடம், புதுச் செருப்பு, எதுவானாலும் சரி. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள், இந்த இனம் இல்லாத ஊர் இல்லை. தட்டிக் கழிப்பவர் என்று பெயர்.

நம்மவர் பீங்கான் கோப்பைத் தொழிற்சாலையில் சோதனை மேஜைக்காரர். மண் குழைப்பவர் குழைத்து, அச்சுக்காரர் ஊற்றி, காது ஒட்டுகிறவர்கள் கைப்பிடி ஒட்டி, சூளைக்காரர் சுட்டு, இத்தனை பேர் கைபட்டு வரும் கோப்பையின் கதையை இவர் ஒரே தட்டலில் முடித்துவிடுவார். 'ணங்' என்றால் பெட்டிக்கு. 'டொக்' என்றால் விரிசல், குப்பைக்கு. தட்டுவதற்கும் கழிப்பதற்கும் அங்கே சம்பளம். வீட்டில்? இலவசமாகவே செய்தார். அவரைத் தட்டிக் கேட்கத்தான் ஆளில்லை.

காது ஒட்டும் பிரிவில் இருந்த அவர் மகளுக்கு இது அத்துப்படி. கூரை ஒழுகுகிறது என்றால் "பார்க்கலாம்". அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாலும் "பார்க்கலாம்". ஊர்க் கோப்பைக்கெல்லாம் காது ஒட்டுகிறவளால் அப்பாவுக்கு ஒன்று ஒட்ட முடியவில்லை.

அப்படிப்பட்டவரிடம், சூளைக்காரரைக் கட்டிக்கொள்ள ஆசை என்று அம்மா மூலமாகச் சொல்லிவிட்டாள். இதற்கும் "பார்க்கலாம்" வந்தால் ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சூளைக்காரர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். அப்பா உட்காரச் சொன்னார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏங்க, வேணாங்க," என்று அம்மா சொல்வதற்குள் சூளைக்காரரின் உச்சந்தலையில் தட்டிவிட்டார்.

டொக்.

"சத்தம் சரியில்லையே. எங்கயோ விரிசல்."

"பதமாத்தாங்க வெந்திருக்கேன்," என்றார் சூளைக்காரர், தலையைத் தடவியபடி.

"பார்க்கலாம்," என்று அப்பா திரும்பினார்.

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மகள் வாயைத் திறந்தாள். "அப்பா, காலிக் கோப்பைதானே ணங்குனு கேக்கும்? உள்ள ஏதாவது இருந்தா டொக்குனுதான் கேக்கும்."

அப்பா நின்றுவிட்டார். சோதனை மேஜைக்கு வருவதெல்லாம் காலி. நிறைந்த கோப்பையை அவர் தட்டியதே இல்லை. பக்கத்தில் இருந்த தன் டீக் கோப்பையைத் தட்டிப் பார்த்தார். டொக். மடமடவென்று குடித்துவிட்டுத் தட்டினார். ணங். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், தன் தலையிலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை. மகளுக்கும் கேட்டது. அவளும் சொல்லவில்லை.

"ஒரு நல்ல நாளாப் பாரு," என்றார் அம்மாவிடம்.

இப்போது கூரை ஒழுகுவதில்லை. மருமகன் ஏறி அடைத்துவிட்டார். மாமனார் அவர் தோளில் தட்டிக் கொடுக்கிறார். தலைப் பக்கம் போவதில்லை.

இதைப் படித்த நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? "பார்க்கலாம்" என்றா? அதற்கு முன் விரலை மடக்கி உங்கள் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது. சத்தம் வெளியே கேட்கும்.