இரட்டைக் கேபின் வாங்கிய இயற்பியல் வாத்தியார்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்குவதாக இருந்தாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். மிக்ஸி, கிணற்று மோட்டார், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரம் என்று எதுவானாலும் நான் தலையாட்டினால்தான் கடைக்காரருக்கு வியாபாரம். காரணம், நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். (இயற்பியல் படித்தவனுக்கு மிக்ஸி வாங்கத் தெரியும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. நானும் மறுக்கவில்லை.) அந்த மரியாதை மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சேந்தமங்கலம் தாண்டி ஒரு மரவள்ளிக் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

என் தங்கை தனம் நன்றாகச் சமைப்பாள். பத்து வருடமாகக் கல்யாண மண்டபங்களில் வேறு காண்டிராக்டர்களிடம் கூலிக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். பாராட்டு வந்தால் காண்டிராக்டருக்குப் போகும், உப்புக் கூடினால் தனத்துக்கு வரும். ஒரு நாள் போதும் என்று சொல்லிவிட்டு, தன் பெயரிலேயே தொழில் தொடங்கப் போவதாக அறிவித்தாள். நாமக்கல் பக்கம் கிடாவெட்டு விருந்துகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குலதெய்வக் கோயில்கள் எல்லாம் மலையடிவாரத்திலும் கரட்டு மேட்டிலும் இருக்கின்றன. அங்கே தண்ணீர் இருக்காது, கொட்டகை இருக்காது, அடுப்பை அணைக்கவென்றே ஒரு காற்று மட்டும் இருக்கும். அதனால் சமையலறையையே சக்கரத்தில் ஏற்றி இழுத்துக்கொண்டு போவது என்று முடிவானது.

அதைக் கட்டிக் கொடுத்தவன் சண்முகம். என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். சாதாரணமாகப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் டிரெய்லர் என்றால் வளைவில் ஆடும், கொதிக்கிற சாம்பார் தளும்பும். பெரிய டிரெய்லர் லாரிகளில் இருப்பது போலவே சின்னதாகச் செய்துவிடலாம் என்றான் அவன். அதாவது, இழுக்கிற வண்டியின் முதுகில் வட்டமான ஓர் இரும்புத் தட்டு. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் இருக்கும் தடித்த முளை அதில் வந்து உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். இந்தத் தட்டுக்கு ஐந்தாவது சக்கரம் என்று பெயர். (சக்கரம் மாதிரி ஓடாது. தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள்.) பதிவு, அனுமதி எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொண்டான். எனக்கு விட்டது ஒரே ஒரு வேலைதான். இதை இழுக்கத் தகுந்த ஒரு பிக்கப் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் ஒரு மாதம் தேர்ந்தெடுத்தேன். வெளிநாட்டில் யாரோ வீட்டையே பிக்கப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடியோக்களை இரவு பகலாகப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டில் மூன்று நிற மையில் கட்டம் போட்டு, குதிரைத் திறன், முறுக்கு விசை, கியர் விகிதம் என்று நிரப்பினேன். வண்டி முதுகில் எத்தனை கிலோ தாங்கும் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். இழுக்கப் போகிற வண்டி எதற்குச் சுமக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, தக்காளி ஏற்றுகிறவர்கள் வைத்திருப்பது போன்ற வெள்ளை வண்டி. முன்னால் ஒரே வரிசை இருக்கை, பின்னால் சாமான் ஏற்ற நீளமான தொட்டி. இன்னொன்று கறுப்பு நிற இரட்டைக் கேபின். ஐந்து பேர் ஏசியில் உட்காரலாம், தொட்டி மட்டும் குட்டை. ஷோரூமுக்கு அம்மா, என் மனைவி, குழந்தைகள், தனம் என்று எல்லோரும் போனோம். தனத்தைத் தவிர எல்லோரும் கறுப்பு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து இறங்க மறுத்தார்கள். தனம் வெள்ளை வண்டியின் தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் குதிரைத் திறன் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தினேன்.

அம்மா, கோயிலில் பூக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம். கறுப்பு வண்டிக்குக் கேட்டோம். சிவப்பு வந்தது. கேள்வியை நான் மனதுக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி மறுபடி கேட்டேன். மறுபடி சிவப்பு. ஒரு சோதனையை மூன்று முறை செய்து பார்ப்பதுதான் அறிவியல் முறை என்று பூசாரிக்கு விளக்கினேன். மூன்றாவது முறை வெள்ளை வந்தது. "சாமிகிட்ட யாருமே இப்படி மல்லுக்கட்டி நான் பாத்ததில்லீங்க" என்று பூசாரி திருநீறு கொடுத்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வண்டியைப் பட்டறையில் கொண்டு போய் நிறுத்தியபோது சண்முகம் ஒரு சுற்று சுற்றி வந்தான். பின் அச்சுக்கு நேர் மேலே தட்டை வைத்தால், வளைவில் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபினை இடிக்கும். குட்டைத் தொட்டி, வேறு இடமில்லை என்றான். அப்படியானால் தட்டை ஒன்றரை அடி பின்னால் தள்ளி வைத்துவிடு என்று நான் சொன்னேன். பின்னால் பாரம் விழுந்தால் முன்னால் தூக்கும் என்றான். நான் எஞ்சினின் எடையை மனக்கணக்காகப் போட்டு அவன் பயத்தைத் தெளிய வைத்தேன். அவன் தெளியவில்லை. நான் விடாமல் நச்சரித்ததில் தட்டை மாட்டிக் கொடுத்தான். ஆனால் தான் செய்கிற எல்லா வண்டியிலும் பட்டறைப் பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதுகிறவன், இதில் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டான். காலி டிரெய்லரை இழுத்து ஊரைச் சுற்றி வந்தேன். வண்டி அழகாக ஓடியது. அவனைப் பார்த்து ஹாரன் வேறு அடித்தேன்.

தனத்துக்கு முதல் ஆர்டர் வந்தது. தங்கராசு என்று ஒரு ரிக் வண்டி முதலாளி, போர்வெல் போடும் தொழில். அவர் குடும்பத்துக் கிடாவெட்டு, சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரக் கோயில். அறுநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. ஊரில் பெரிய மனிதர், அவர் வீட்டு விருந்து நன்றாக இருந்தது என்றால் அடுத்த வருடம் முழுக்க வேலை வரும். வீணாகிப் போனால் தனம் மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும். அவளுடைய பழைய காண்டிராக்டரும் அந்த விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தார். அவர் சும்மா சாப்பிட மட்டும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை, டிரெய்லரில் அரிசி மூட்டை, அண்டா, கேஸ் அடுப்புகள் ஏறின. டிரெய்லரின் மூக்குப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியில் ஆயிரம் லிட்டர் நிரப்பினோம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் என்று பத்தாம் வகுப்பு முதல் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பவன் நான்தான். சமையல் ஆட்கள் முன்னாடியே பஸ்ஸில் போயிருந்தார்கள். தனம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிளம்பியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டியரிங் ஒரு விரலில் சுற்றியது. நல்ல வண்டி என்றால் இப்படித்தான் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று தனத்திடம் சொன்னேன்.

"ரோடே தெரியலீங்ணா, வானந்தான் தெரியுது" என்றாள் அவள்.

உயரமான வண்டி அப்படித்தான் என்று சொன்னேன். (முன் சக்கரங்கள் தார் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் வந்துகொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதிரில் யாரும் வராதது எங்கள் முன்னோர் செய்த புண்ணியம்.)

தார் ரோட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு மண் பாதை பிரிகிறது. தொடக்கத்தில் சின்ன ஏற்றம், உடனே வலது பக்கம் ஒரு வளைவு. ஏற்றத்தில் ஏறியதும் பானெட் மெதுவாக மேலே எழும்பியது. நான் வலது பக்கம் திருப்பினேன். முழுக்கத் திருப்பினேன். வண்டி நேராகப் போனது. வரப்பைத் தாண்டி, ஓர் ஆள் உயரத்துக்கு நின்ற மரவள்ளிச் செடிகளைச் சாய்த்துக்கொண்டு, ஐந்து வரிசை உள்ளே போய் நின்றது. முன் சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றன. இறங்குவதற்குக் கீழே குதிக்க வேண்டியிருந்தது.

சத்தம் கேட்டுக் கோயிலிலிருந்து தங்கராசு வந்தார், வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக. "எத்தனையோ வண்டி குடை சாஞ்சு பாத்துருக்கறனுங்க. மலையப் பாத்துக் கும்புடற வண்டிய இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு கனமான ஆட்களாகப் பார்த்து ஆறு பேரைக் கூப்பிட்டார். எல்லோரும் அந்தக் குடும்பத்துக்கு மாமன் முறை, விருந்து முறைக்காகப் புது வேட்டி கட்டி வந்தவர்கள். ஆறு மாமன்களும் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டியின் தலை இறங்கியது. நான் பின்னால் எடுக்க முயன்றேன். அந்த நேரம் பார்த்து யாரோ கோயிலிலிருந்து டீ கொண்டு வந்தார்கள். மூன்று மாமன்கள் இறங்கினார்கள். வண்டி மறுபடி தலையைத் தூக்க, மீதி மூன்று பேரும் கண்ணாடி மேல் சாய்ந்து, உள்ளே இருந்த என்னை நேருக்கு நேர் பார்த்தார்கள். அந்தப் பார்வைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காட்டுக்குச் சொந்தக்காரர் அப்போதுதான் வந்தார். பாப்பாத்தி என்று பெயர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கையில் களைக்கொத்து. சாய்ந்து கிடந்த செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க, உழவு ஓட்டோணும்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? கெழங்கு புடுங்க இன்னும் பத்து நாள் கெடக்குது" என்றார். நான் நஷ்டஈடு பற்றி ஏதோ உளறினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை, தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனம் கையில் ஒரு கரண்டியோடு நின்றிருந்தாள். எதற்காக அதை எடுத்துக்கொண்டு குதித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"பன்னண்டு மணிக்கு அறுநூறு பேரு எலையில ஒக்காந்துருவாங்கக்கா. என்ற பேர்ல வந்த மொத ஆர்டரு" என்றாள்.

நான் அந்த இடத்தில் செத்துவிடலாம் என்று நினைத்தேன். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பத்து வருடம் அடுத்தவர் அடுப்பில் வெந்தவள், என் நாற்பது பக்க நோட்டை நம்பி வந்து நின்ற இடம் அது.

சண்முகத்துக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டான். "மூக்குல ஒரு டன்னு தண்ணிய வெச்சுட்டு முன்னால தூக்குதுங்கறியா? நெம்புகோல் பாடம் நீதானடா நடத்தற?" என்றான். பிறகு, திட்டுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரைத் திறந்துவிடு, டிரெய்லரைத் தனியாகத் தாங்கி நிறுத்தும் முட்டுக்கால்களை இறக்கி அடியில் பலகை வை, பிக்கப்பைக் கழற்றி முன்னால் எடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். முட்டுக்கால் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் தண்ணீரை விட்டால் எதில் சமைப்பது என்று தனம் கேட்டாள்.

"தொறந்து உடு சாமி, காட்டுக்குத்தான பாயுது" என்றார் பாப்பாத்தி. "என்ற மோட்டாரு ஓடுது. எத்தன கொடம் வேணும்? அடுப்ப இங்கயே பத்த வையி."

அப்படித்தான் நடந்தது. டிரெய்லரை அங்கிருந்து அசைக்க முடியவில்லை, அசைக்கவும் இல்லை. தங்கராசுவின் ஆட்கள் கோயிலிலிருந்து கறியைச் சுமந்து வந்தார்கள். ஆறு மாமன்களும் டீயை முடித்துவிட்டு வெங்காயம் உரித்தார்கள். நான் பாப்பாத்தியின் கிணற்று மேட்டிலிருந்து குழாய் இழுத்தேன், அதற்கு மட்டும் என்னை யாரும் தடுக்கவில்லை. வண்டி சாய்த்துத் தோண்டிப் போட்டிருந்த கிழங்கை என்ன செய்வது என்று நின்றபோது, தின்கிற கிழங்குதான், வேக வை என்று பாப்பாத்தி ஒரு கூடை நிறையக் கொண்டு வந்து கொட்டினார். தனம் அதை வேக வைத்துச் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய் போட்டுத் தாளித்தாள். பன்னிரண்டே காலுக்குக் காட்டோரத்திலேயே இலை விழுந்தது.

கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்றார்கள். ஆனால் இரண்டாவது முறை எல்லோரும் கேட்டது கிழங்கைத்தான். கறிக்குழம்பை அதில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள். பழைய காண்டிராக்டர் மூன்று முறை வாங்கினார், கை கழுவிக்கொண்டு போனார். புறப்படும்போது தங்கராசு தனத்திடம் தை மாதத்தில் தன் மகள் கல்யாணம் என்றும், அதற்கும் அவள்தான் சமைக்க வேண்டும் என்றும் சொன்னார். தனம் அப்போதுதான் அழுதாள். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவர்கள் ஒருவருக்கும் நான் ஒரு நன்மையும் செய்ததில்லை. ஒருவரின் காட்டை அழித்தேன், இன்னொருவரின் விருந்தைத் தாமதப்படுத்தினேன், ஆறு பேரின் புது வேட்டியில் கிரீஸ் பூசினேன். அத்தனை பேரும் சேர்ந்து என் தங்கையைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கறுப்பு வண்டியை மாற்றிவிட்டு வெள்ளை வண்டியை வாங்கினோம். தனம் தனியாகப் போனாள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: தண்ணீரும் அரிசியும் ஆட்களும் ஏறிய பிறகு முதுகில் எத்தனை கிலோ தாங்கும்? பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. சண்முகம் அச்சுக்கு நேர் மேலே தட்டை மாட்டி, மஞ்சள் பெயிண்டில் பெயரையும் எழுதினான்.

இப்போது தனத்திடம் கிடாவெட்டு ஆர்டர் கொடுக்கிறவர்கள் எல்லோரும் கிழங்கு உண்டா என்று முதலில் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் வீட்டில் வாத்தியார் உழுத கிழங்கு என்றுதான் பெயர். வாடிக்கையாளர்களும் அப்படியே கேட்கிறார்கள், நான் பக்கத்தில் நின்றாலும் கேட்கிறார்கள். கிழங்கு பாப்பாத்தி காட்டிலிருந்துதான் வருகிறது, வருடம் முழுக்க அவரிடமே வாங்குகிறாள். ஒவ்வொரு முறை மூட்டை தயாரானதும் அவர் தனத்துக்குப் போன் செய்வார். விலை பேச மாட்டார், எத்தனை மூட்டை என்றுகூடக் கேட்க மாட்டார்.

"வண்டிய அனுப்பு சாமி" என்பார். "ஓட்டிட்டு வர்றது யாருன்னு மட்டும் சொல்லிப் போடு. வாத்தியாரா இருந்தா நானே தலையில தூக்கிட்டு வந்தர்றேன்."