தொண்டையில் முளைத்த மூங்கில்

எல்லா வைத்தியத்தையும் தானே பார்த்துவிட்டு, கடைசியில் டாக்டரிடம் போய் அவரிடமும் பொய் சொல்கிற ரகம் நான்.

ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். முப்பது பெண்களைக் கத்தி வேலை வாங்குவதால்தான் குரல் கம்மிவிட்டது என்று ஐந்து மாதம் நம்பினேன். மிளகு, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று மென்றதில், படப்பை நாட்டுமருந்துக் கடைக்காரர் என் தலையைக் கண்டதுமே பொட்டலம் கட்ட ஆரம்பித்திருந்தார்.

என் லைனில் எனக்கு நெருக்கம் மணிமங்கலத்து தேவி. "இன்னாக்கா, நாளுக்கு நாள் மோசமாகினே போவுது. இத்த கஞ்சி வெச்சுக் குடி" என்று ஒரு பை மூங்கிலரிசி கொடுத்தாள். இரண்டு வாரம் குடித்தேன்.

அப்போது சாத்தூரில் எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"தம்பி, பொண்ணுகிட்ட கொஞ்சம் குடுங்க."

நான்தான் பொண்ணு என்று சொல்லியிருக்கலாம். "இந்தா குடுக்கேன்" என்றேன். (அறிவு அவ்வளவுதான்.) பத்து எண்ணிவிட்டு, அதே குரலில் "வணக்கம் அத்தை" என்றேன்.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது. அம்மா அழுத அழுகை தாங்காமல், தேவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா என் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, "ஈ சொல்லுங்க" என்றார். என் வாயிலிருந்து வந்தது எந்த எழுத்திலும் சேராது. திரையை வெகுநேரம் பார்த்தார்.

"குரல்நாண்ல குறுக்கால மஞ்சளா பட்டை தெரியுது. மூங்கில் கணு மாதிரி. ரொம்ப அபூர்வம்."

எனக்கு மூங்கில் மட்டும்தான் காதில் விழுந்தது. "டாக்டர், இனிமே அந்தக் கஞ்சியத் தொடவே மாட்டேன்" என்று கும்பிட்டேன்.

தேவி விசும்பினாள். "நான்தான் டாக்டர் குட்த்தேன். நல்லா வேகவெக்கச் சொல்லாம வுட்டுட்டேன்."

டாக்டர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மறுபடி திரும்பியபோது முகத்தில் சிரிப்பில்லை. "காலைல எழுந்ததும் விரல் மடக்கக் கஷ்டமா இருக்கா?"

தொண்டைக்குள் பார்த்தவருக்கு விரல் எப்படித் தெரிந்தது? வேலை போய்விடும் என்று பயந்து நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. "இல்லையே" என்றேன்.

"பொய் டாக்டர்" என்றாள் தேவி. "டிபன் பாக்ஸ் மூடியே நான்தான் தொறந்து தர்றேன்."

ரத்தப் பரிசோதனையில் மூட்டுவாதம் என்று தெரிந்தது. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய். மூட்டோடு நிற்காமல் குரல்நாணிலும் கைவைத்திருந்தது. மாத்திரைகள், குரல்நாணில் ஓர் ஊசி, அப்புறம் குரல் பயிற்சி. தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று குமிழி விட வேண்டும். கேன்டீனில் டம்ளருக்குள் குமிழி விடும் லைன் லீடருக்கு எவள் பயப்படுவாள்?

வேலை போகவில்லை. கத்தத் தேவையில்லாத பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டு மாதத்தில் குரல் பெரும்பாலும் திரும்பிவிட்டது.

ஆனால் தேவி எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். இன்றைக்கும் ஊருக்குப் போய் நான் லேசாக இருமினால் போதும், என் தம்பி எட்டிப் பார்த்துக் கேட்பான்:

"யக்கா, இந்த வருசம் எத்தன கணு விட்டிருக்கு? வீட்டுக்கு ஒரு ஏணி வேணும்."