மேசையில் ஒரு பெட்டிக்குத்தான் இடம்

"ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வரும்போது மேசையில ஒரு பொட்டிதான் இருக்கணும். ரெண்டும் இருந்தா சோத்த எங்க வைக்கிறது?" என்றாள் பூரணி.

லோஜனுக்குத் திக்கென்றது. போன மாதம்தான் கொத்மலையிலிருந்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு மாற்றலாகி வந்த கிளாக்கர் அவன். மேசையை அடைத்துக்கொண்டிருந்தவை, ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கான இரண்டு வால்வு ஆம்ப்ளிஃபையர்கள். ஒன்று, மனைவி பூரணியின் அண்ணன் நிரஞ்சன் அன்பளிப்பாகக் கொடுத்த சிங்கிள் எண்டட். மற்றது, இரண்டு வருடமாகக் கையைச் சுட்டுக்கொண்டு லோஜனே செய்த பேலன்ஸ்டு. அதைப் பிரிவதும் பெற்ற பிள்ளையைப் பிரிவதும் அவனுக்கு ஒன்றுதான்.

"மச்சானோடது ஒத்த ஆளு மரம் அறுக்கிற மாதிரி, பூரணி. என்னோடதுல ஒருத்தன் தள்ளுவான், ஒருத்தன் இழுப்பான். ரெண்டு பக்கமும் வர்ற இரைச்சல் ஒண்ணோட ஒண்ணு மோதி ஒழிஞ்சு போயிரும்."

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு," என்று பூரணி துவாயால் அவன் கண்ணைக் கட்டினாள். "இப்ப கேட்டுட்டுச் சொல்லுங்க."

முதலில் ஒன்று. பிறகு மற்றது.

"இதுதான்! இதுதான் என்னோடது!" என்று துள்ளினான். துவாயை அவிழ்த்துப் பார்த்தால், ஹெட்போன் மச்சானின் பெட்டியில் செருகியிருந்தது.

"சத்தம் சமமா இல்ல, அதான்," என்று சமாளித்துத் தன் பெட்டியைத் திறந்து திருகினான். இரைச்சலே வராத பெட்டி குளவிக்கூடு கலைந்ததுபோல் இரைந்தது. அதை அடக்கக் கம்பியை மாற்றினான். இடது காது ஊமையானது. ஊமையைப் பேசவைக்கப் போய் வீட்டு ஃபியூஸ் போனது. ஒருவழியாகப் பெட்டி பழைய நிலைக்கு வந்தபோது, அவன் முகம்தான் பழைய நிலைக்கு வரவில்லை.

"பொதுவான ஆளு ஒருத்தரு சொல்லட்டுங்க," என்றாள் பூரணி இரக்கத்தோடு. "அழகுமுத்து ஐயா இருக்காருல்ல? தேயில ஃபேக்டரில டீமேக்கரா இருந்தவரு. வித்தியாசம் கண்டுபுடிக்க அவர மிஞ்ச ஆளில்லன்னு தோட்டமே சொல்லுது. நானே போயி கூப்புடுறேன்."

"சரி. அவரு சொன்னாச் சொன்னதுதான். தோத்த பொட்டி இன்னைக்கே வீட்ட விட்டுப் போயிரும்!" வீறாப்புக்கு மட்டும் அவனிடம் குறைச்சலே இல்லை.

அழகுமுத்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். லோஜன் ஹெட்போனை மாட்டியபோது மறுக்காமல் தலையைக் கொடுத்தார். பூரணி உபசாரமாக இரண்டு பெட்டிக்கும் முன்னால் ஒவ்வொரு கோப்பை தேத்தண்ணி வைத்தாள். அவர் கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினார். லோஜன் பிளக்கை மாற்ற, அவர் கோப்பையை மாற்றினார். இப்படியும் நிதானமாகப் பாட்டுக் கேட்கும் மனிதர் உண்டா என்று லோஜன் மலைத்துப்போனான்.

"எதுங்கையா?" என்று பூரணி இரண்டையும் கைகாட்டிக் கேட்டாள்.

அவர் மச்சானின் பெட்டிப் பக்கம் விரலை நீட்டினார். "இதுதாம்மா. மத்தது ஆகவே ஆகாது. வீட்டுல வச்சிருக்கிறதே தப்பு."

லோஜனின் தலையில் இடி விழுந்தது. இரண்டு வருட உழைப்பு! ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதானே. கண்ணில் நீர் முட்ட, தன் பெட்டியைத் துவாயில் சுற்றி, டிக்கோயாவுக்குப் புறப்பட்ட ஆட்டோக்காரரின் கையில் கொடுத்தான்.

"யாராச்சும் ஆசப்பட்டா குடுத்துருங்கண்ணே."

ஆட்டோ வளைவில் திரும்பி மறைந்தது. அவன் உள்ளே வந்தபோது, அழகுமுத்துவைக் கூட்டிப்போக அவர் மனைவி சண்முகவடிவு குடையோடு வந்து நின்றிருந்தார்.

"என்னத்துக்கு தம்பி இவரு காதுல இத மாட்டி வச்சிருக்கீங்க?"

"பாட்டு கேக்கத்தாங்கக்கா. எந்தப் பொட்டி நல்லதுன்னு ஐயா தீர்ப்புச் சொல்லிட்டாரு."

சண்முகவடிவு திகைத்துப்போய் வாயில் கை வைத்தார்.

"பாட்டா? ஃபேக்டரி ரோலர் மெசின் சத்தத்துல இவருக்கு ரெண்டு காதும் எப்பவோ போயிருச்சே தம்பி! ரெண்டு கோப்ப தேத்தண்ணியில எது நல்லதுன்னு குடிச்சுப் பாத்துச் சொல்லத்தானே பூரணி கூப்புட்டுச்சு?"